ஏழு நாள் முகாமும் ஒன்பது நாட் பயணமும்

ஆகஸ்ட் விடுமுறை அண்மிக்கும்போது யாழ்ப்பாணத்து வீடுகளில் இருவகைப் பேச்சுக்கள் எழுவது வழக்கம். நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறுவது எந்நாள் என்பது ஒன்று. பிள்ளைகளை இம்முறை எங்கே அழைத்துச் செல்வது என்பது மற்றொன்று. 2024 ஆம் ஆண்டு விடுமுறையின்போது எமது இல்லத்தில் மூன்றாவது பேச்சொன்றும் சேர்ந்துகொண்டது. அது ஒரு கடிதத்தின் உருவில் வந்தது.

எமது மூத்த மகளுக்கு அப்போது வயது பதினைந்து. பாடசாலையிற் கோலூன்றிப் பாய்தல் பழகிவருகிறாள். கண்டிக்கு அண்மையில் இளம் மெய்வல்லுநர்களுக்கென நடைபெறவிருந்த ஏழு நாட் பயிற்சி முகாமுக்கு அவள் தெரிவாகியிருக்கிறாள் என்றும், உணவும் உறைவிடமும் முகாமிலேயே வழங்கப்படும் என்றும், போக்குவரவைப் பெற்றோரே கவனித்துக்கொள்ளல் வேண்டும் என்றும் அக்கடிதம் கூறியது. இவை யாவும் எதிர்பார்க்கத்தக்கனவே. கடைசி வரிதான் எம்மைத் திகைக்க வைத்தது: மாணவி தாம் வழமையாகப் பயன்படுத்தும் கோலைத் தம்முடன் எடுத்து வருதல் வேண்டுமாம்.

கோல் என்றதும் வாசகர்கள் கைத்தடியை நினைத்துவிடலாகாது. மகள் பாயும் கோல் ஏறத்தாழ நாலு மீற்றர் நீளமானது. மூங்கிற் கோலூன்றிப் பாய்ந்த காலமும் உண்டு. உலோகக் குழாய் கொண்டு பாய்ந்த காலமும் உண்டு. 1960 களிலே கண்ணாடி நாராற் செய்த கோல் வந்து இரண்டையும் அகற்றிவிட்டது. வில்லைப்போல வளைந்து, பின் நிமிரும்போது பாய்பவரை மேலே வீசுவது அதன் இயல்பு. இன்ன நீளம், இன்ன எடையுள்ளவர் வரை தாங்கும் என்று ஒவ்வொன்றிலும் குறிப்பு உண்டு. அதன் உடலிலே சிறியதொரு கீறல் விழுந்தாலும், வளையும் வேளையில் அந்த இடத்திலே முறிந்துவிடக்கூடும். அதனைக் கழற்றவோ மடக்கவோ முடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்கோல் எமது மகளுடையதன்று, பாடசாலையின் உடைமை. அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே கோலிற்றான் பழகுகிறார்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பழைய மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன் இவ்விளையாட்டில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்த பின்னர், வடபகுதிப் பெண்பிள்ளைகளிடையே இதில் ஆர்வம் பெருகியிருக்கிறது. ஆர்வம் பெருகிய அளவுக்குக் கோல்கள் பெருகவில்லை. விளையாட்டுத்துறைக்குப் பொறுப்பான ஆசிரியை அதனை எம்மிடம் ஒப்படைத்தபோது, பிள்ளையை ஒப்படைக்கும் குரலிலேயே பேசினார்.

நாலு மீற்றர்க் கோலைப் பஸ் வண்டியில் ஏற்ற எவரும் உடன்படார். புகையிரதத்திற் போவதானால் பொல்காவலையில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். அந்த நெரிசலில் கோலுக்கு யார் பிணை நிற்பது? ஆகவே அயலவர் ஒருவரின் வானைச் சாரதியோடு வாடகைக்கு அமர்த்த நேர்ந்தது. வான் என்றதும் வெற்றிருக்கைகள் கண்ணிற் பட்டன. வெற்றிருக்கைகள் கண்ணிற் படவே குடும்பம் முழுவதும் புறப்படுவதென்று தீர்மானமாயிற்று. எமது பயணம் பிறந்த வரலாறு இதுவே.

முதலில் எதிர்ப்புத் தெரிவித்தவர் எமது துணைவியார். “இஞ்சாருங்கோ, கொடியேறின பிறகு வீட்டைப் பூட்டிப்போட்டு ஊர் சுத்திறதோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆடி அமாவாசையை அடுத்து ஆறாம் நாள் நல்லூரிற் கொடியேறி இருபத்தைந்து நாள் விழா நடைபெறும். கண்டிப் பெரகராவும் ஏறத்தாழ அதே வளர்பிறையிலே தொடங்கி, நிக்கினிப் பௌர்ணமியோடு நிறைவெய்துவது. ஆக, நாம் விட்டுப் புறப்படும் ஊரிலும் திருவிழா, போய்ச் சேரும் ஊரிலும் திருவிழா. அவ்வாண்டில் ஆகஸ்ட் 9 ஆம் நாள் கொடியேற்றம். செப்டெம்பர் 1 ஆம் நாள் தேர். நாம் 17 ஆம் நாள் புறப்பட்டு 25 ஆம் நாள் திரும்பிவிட்டால் தேருக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும் என்று நாட்காட்டியை விரித்துக் காட்டிய பின்னரே துணைவியார் இணங்கினார். விரத காலமாகையால் பயணம் முழுவதும் மரக்கறி உணவு என்பது உடன்படிக்கையின் முதல் வாசகம்.

மாமியார் எழுபதைக் கடந்தவர். திருக்கோணேசுவரத்துக்கு ஒரு நேர்த்தி நெடுங்காலமாய்க் கிடக்கிறதென்று அன்றுதான் வெளியிட்டார். ஒன்பது வயது மகனுக்கு யானை பார்க்கவேண்டும். எமக்கோ பேராதனை. இவ்வாறு நால்வருக்கும் நான்கு திசைகள்.

ஆசிரியத் தொழிலிற் பழகிய கை சும்மா இருக்குமா? நீளத்தாள் ஒன்றை எடுத்துக் கோடு கீறி அட்டவணை வகுத்தோம். முதல் நாள்: யாழ்ப்பாணம், அநுராதபுரம், மிகிந்தலை, சிகிரியா, தம்புள்ளைக் குகைகள், மாலை ஆறு மணிக்குக் கண்டி. இதனைச் சாரதித் தம்பியிடம் பெருமிதத்தோடு நீட்டினோம். அவர் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “சேர், இது பள்ளிக்கூட நேரசூசி மாதிரி இருக்கு. றோட்டிலை மணி அடிச்சுப் பாடம் மாத்தேலாது” என்றார்.

அவர் சொன்னதே சரி. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். வீதி இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆயினும் வீதியோரப் பட்டினங்களும், வவுனியாவுக்கு அப்பால் மதவாச்சிச் சந்தியும், மாத்தளைக்குக் கீழே ஒடுங்கி வளைந்து செல்லும் பகுதியும் வேகத்தைத் தின்றுவிடும். மணிக்கு நாற்பது கிலோமீற்றர் என்று கணக்கிட்டாற் போதும். அதற்கு மேற் கிடைப்பது இலாபம். தவிரவும், நாம் அழைத்துச் செல்வது சுற்றுலாப் பிரயாணியையன்று. மறுநாட் காலையில் மைதானத்தில் ஓடவேண்டிய பிள்ளையை. பத்து மணி நேரம் மடக்கி வைத்த காலோடு போய் இறங்கினால் முதல் நாட் பயிற்சி வீண். ஆகவே சிகிரியா முதலில் நீங்கியது. பின் மிகிந்தலையும் அநுராதபுரமும் நீங்கின. இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறை வண்டியை நிறுத்தி அவள் கால்மணி நேரம் நடப்பது என்பது மட்டும் தாளில் எஞ்சியது.

விளையாட்டு முகாமைச் சுற்றிப் பயணம் வகுக்க விரும்பும் பெற்றோருக்கு நாம் கண்டறிந்த உண்மை இதுதான். முகாமுக்குப் போகும் வழியில் ஒன்றையும் பார்க்க முயலாதீர்கள். பார்ப்பதையெல்லாம் முகாம் நடக்கும் நாட்களுக்கும், முடிந்து திரும்பும் வழிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இதனை நாம் ஐந்து தாள்களைக் கிழித்த பின்னரே அறிந்தோம்.

தங்குமிடம் அடுத்த சிக்கல். பெரகரா நாட்களிற் கண்டி நகரில் அறை கிடைப்பதரிது. கிடைப்பினும் வாடகை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாதது. எம்மோடு பேராதனையில் ஒருசாலை மாணாக்கராயிருந்த நண்பர் மாத்தளையில் ஆசிரியராயிருக்கிறார். அங்கிருந்து கண்டி இருபத்தைந்து கிலோமீற்றர் அளவே. அவருடைய வீட்டின் முன் அறையை ஒழித்துத் தந்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலையிற் கோலைக் கட்டும் படலம் நடந்தது. அதனைச் சற்று விரித்துச் சொல்வது எமது பிள்ளைகளைப் போன்று கோலோ ஈட்டியோ கொண்டு திரியும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயன்படும். வானின் கூரைச் சட்டம் இரும்பாலானது. அதன்மேல் வெறுங்கோலை வைத்துக் கயிற்றால் இறுக்கினால் ஓடும் அதிர்வில் உராய்ந்து கீறல் விழும். கோலை விடப் பருத்த பிளாஸ்ரிக் நீர்க்குழாயொன்றை வாங்கி, கோலுக்குப் பழைய சேலைத் துணியைச் சுற்றி, குழாயினுள்ளே செலுத்தி, இரு வாயையும் துணிப்பந்தால் அடைத்தோம். துணிப்பந்தில்லாவிட்டால் தடுப்புப் போடுந்தோறும் கோல் முன்னே ஓடி மோதும். பின்னர் குழாயை மூன்றிடத்திற் கட்டினோம். இரண்டிடத்திற் கட்டினால் நடுப்பகுதி துள்ளும். கயிற்றிலும் பார்க்கப் பழைய ரயர்க் குழாயின் இறப்பர் நாடாவே சிறந்ததென்று சாரதி கூறினார். பின்புறம் நீண்டு நின்ற நுனியிற் சிவப்புத் துணி. மகள் வானைச் சுற்றி மூன்று முறை நடந்து ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்தாள். மாமியார் குழாயின் நடுவில் திருநீற்றைப் பூசினார்.

அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கையில் இன்னும் இருள் பிரியவில்லை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி முடிவிலே, வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, இந்த வழியாற்றான் நாமும் நடந்தோம். அப்போது எமக்கும் வயது பதினைந்து. தலையில் ஒரு பெட்டி, கையிலே தங்கையின் கை. அன்று அந்தப் பாலத்தைக் கடக்கப் பல மணி நேரம் சென்றது. இப்போது ஒரு நிமிடமுமில்லை. மகள் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிச் சொல்லலாமா என்று எண்ணி, உறங்கட்டும் என விட்டுவிட்டோம்.

ஆனையிறவில் விடிந்தது. இருபுறமும் நீரேரியும் உப்பளங்களும் செந்நிறம் கொண்டு கிடந்தன. முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் அவ்விடத்தைக் கடந்த யாழ்ப்பாணத்தவர் எவரேனும் உளரா? நாமும் வாங்கினோம். மகனின் சட்டைப்பை மாத்தளை வரை கச்சான் கோதால் நிறைந்திருந்தது. வவுனியாவிற் காலையுணவு, இடியப்பமும் சொதியும். அதன் பின் வெப்பம். ஆகஸ்ட் மாதத்தில் வன்னியும் வடமத்திய பகுதியும் நீரின்றி வறண்டு கிடக்கும். குளங்களின் அடித்தரை வெடித்திருக்கும். குடிதண்ணீரைப் பெரிய கலனில் ஏற்றிக்கொண்டது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அங்கே உணர்ந்தோம். வழியெங்கும் வீதியோரத்து மரநிழல்களிற் சோற்றுப் பொதியின் பொலித்தீன் தாள்கள் பறந்தன. படித்தவர் பயணம் செய்யும் வீதிதான் இதுவும்!

தம்புள்ளையைத் தாண்டியதும் காற்றின் இயல்பு மாறிற்று. நாலந்தையில் மட்டும் ஒரு விதிவிலக்குச் செய்து இறங்கினோம், மகள் நடப்பதற்கென்று சொல்லிக்கொண்டு. அங்குள்ள கெடிகே சிறியதொரு கற்கட்டிடம். பௌத்த சமயச் சார்பும் திராவிடக் கோயில் அமைப்பும் அதிலே ஒருங்கே விளங்குகின்றன. பௌவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, வெள்ளத்தில் மூழ்காதிருக்க அதனைக் கல் கல்லாகப் பிரித்து உயர்ந்த இடத்திற் கொணர்ந்து மீண்டும் பொருத்தினார்கள். “ஒரு கல்லும் பிழைக்காமல் எப்படி அடுக்கினவை?” என்று மகன் கேட்டான். எண் இட்டிருப்பார்கள் என்றோம். மூன்றரை மணிக்கு மாத்தளை. முத்துமாரியம்மன் கோயிலின் உயர்ந்த கோபுரத்தைக் கண்டு மாமியார் கைகூப்பினார்.

மறுநாட் காலை ஒன்பது மணிக்கு முன்னரே மகளை முகாமிற் சேர்த்தோம். பெரகராவின் இறுதி நாட்களிற் பிற்பகலின் பின் கண்டி நகரினூடாக வாகனத்திற் செல்வது இயலாத காரியம். பிறப்புச் சான்றிதழின் பிரதி, வைத்தியச் சான்றிதழ், அதிபரின் கடிதம் யாவும் ஒழுங்காயிருந்தன. கோலை அவிழ்த்துத் துணியை நீக்கி ஒருமுழம் ஒருமுழமாகத் தடவிப் பார்த்தோம், கீறல் இல்லை. உணவைப் பற்றி மாமியார் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார்: “முகாமுக்குள்ளை அவள் பாடு, வானுக்குள்ளை என்ரை பாடு.” முட்டை உண்ணலாமா என்ற பெருஞ்சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. கைத்தொலைபேசிகளை வாங்கி வைத்துவிட்டு மாலையில் அரைமணி நேரம் மட்டும் கொடுப்பார்கள். இறுதி நாளுக்கு முன் பெற்றோர் வந்து பார்த்தலாகாது. இவை முகாமின் விதிகள். வாயிலில் நின்று எமது துணைவியார் பல தடவை கையசைத்தார். மகள் ஒருமுறை அசைத்துவிட்டு உள்ளே சென்றாள்.

கண்டியில் மாளிகைச் சூழலில் நின்ற பெரகரா யானைகளை மகனுக்குப் பகலிலேயே காட்டினோம். நண்பகல் தொட்டு வீதியோரத்திற் பாய்விரித்து இரவு ஊர்வலத்துக்குக் காத்திருக்க முதியவரோடு இயலாது. மறுநாள் பேராதனைத் தாவரத் தோட்டம். 1821 இல் நிறுவப்பட்ட அத்தோட்டத்தின் பரப்பு 147 ஏக்கர். பல்கலைக்கழகத்துக்கும் சென்று குறிஞ்சிக் குமரன் கோயிலில் வழிபட்டோம். நல்லூருக்கு ஈடாகுமா என்று துணைவியார் கேட்கவில்லை. மலைமேற் கோயிலாதலால் முருகனுக்கு இதுவே பொருத்தம் என்றுகூடச் சொன்னார். எமது பழைய விடுதியின் சாளரத்தை மகனுக்குச் சுட்டிக் காட்டினோம். அவன் பார்த்தான், பின் குரங்கொன்றைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் நுவரெலியா. தென்மேற் பருவக்காற்றுக் காலத்தில் மலைநாட்டிற் குளிரும் தூறலும் இருக்கும் என்பதைப் புவியியல் கற்பிக்கும் எம் சக ஆசிரியர் முன்னரே எச்சரித்திருந்தார். கம்பளிச் சட்டைகள் உதவின. றம்பொடை வளைவுகளில் மகன் வாந்தி எடுத்தான். தேசிக்காயும் இஞ்சியும் முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் வைத்திருத்தல் வேண்டும், பயணப்பெட்டியின் அடியில் அல்ல.

அன்றிரவு ஏழு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. மகள் அழுதாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி கேட்டாள். ஓட்டத்தை ஆறு காலடியாகக் குறைத்துத் தொடக்கத்திலிருந்து பழகச் சொல்லிவிட்டார்களாம்; சின்னப் பிள்ளைகளோடு நிற்க வைத்துவிட்டார்களாம். அரைமணி முடிந்து தொடர்பு அறுந்தது.

வெளியே மழை. துணைவியார் பெட்டியை அடுக்கத் தொடங்கினார். எழுபத்தேழு கிலோமீற்றர் மலைப்பாதை, இரவு, மழை என்று நாம் எடுத்துச் சொன்னோம், விதியையும் சொன்னோம். “விதி எழுதினவைக்குப் பிள்ளை இல்லையோ?” என்றார் அவர். நாம் நினைத்ததை மறைப்பானேன்? எமக்கும் போய்விடலாம் என்றே தோன்றிற்று. முழு நாட்டிலிருந்தும் தெரிந்தெடுத்த பிள்ளைகளுள் ஒருத்தி மூன்றாம் நாளிலே திரும்பி வந்தால், அடுத்த முறை எமது பாடசாலையிலிருந்து எவரை அழைப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே எழுந்தது. பிள்ளையின் கண்ணீரையும் பாடசாலையின் பெயரையும் ஒரே தராசில் வைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வாதிடுவார் என்று நாம் எதிர்பார்த்திராத மாமியாரே இடையிற் பேசினார். “அழுததெண்டு சொல்லிறியள். ஏன் அழுதவள் எண்டு ஆரும் கேட்டனியளோ?”

எவரும் கேட்கவில்லைதான். அன்றிரவு துணைவியார் உண்ணவுமில்லை, எம்முடன் பேசவுமில்லை. மறுநாள் சீதா எலியாவில் அம்மன் கோயிலை வணங்கினோம். அக்கலை மலையும் ஓடையும் மிக அழகியவை என்பதைப் படங்களிற்றான் பின்னர் கண்டோம். மாலை ஏழு மணி வரை அனைவர் கண்ணும் கடிகாரத்தின்மீது இருந்தது.

இம்முறை கேட்டோம். ஆறு காலடி ஓட்டமன்று காரணம். “அவை சொல்லிறது எனக்கு விளங்கேல்லை அப்பா. எல்லாரும் ஒருதரம் கேட்டுச் செய்யினம். நான் மற்றவையைப் பார்த்துப் பார்த்துச் செய்யிறன். அதாலை எப்பவும் கடைசி.”

பயிற்றுநர் சிங்களத்திலே பேசுகிறார். எமது மகள் ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்தவள். தவணைப் பரீட்சையில் எண்பதுக்குக் குறைந்த புள்ளி எடுத்ததில்லை. பூனை பாயில் இருக்கிறது என்று எழுதத் தெரியும். இடக்காலை முன்வை என்று ஒருவர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து கூவினால் விளங்காது. ரயரின் காற்றைப் பார்த்தோம், கயிற்றைப் பார்த்தோம், இஞ்சியைக்கூட நினைத்தோம். பத்துச் சொல்லைக் கற்பித்து அனுப்ப நினைக்கவில்லை. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவருக்கு இதனினும் பெரிய நாணம் வேண்டுமா?

எஞ்சியிருந்த நேரம் பதினைந்து நிமிடம். சாரதித் தம்பி பல ஆண்டு கொழும்பு வீதிகளில் ஓடியவர். தொலைபேசியை அவரிடம் கொடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல மகள் அங்கே எழுதினாள். மகன் இங்கே எழுதினான். துவன்ன என்றால் ஓடு. பனின்ன என்றால் பாய். ஹெமின் என்றால் மெதுவாக. நவதின்ன, நில். வம இடது, தகுண வலது. கோலுக்கு ரிட்ட. ஆயெத் என்றால் மறுபடியும். எல்லாவற்றிலும் முக்கியமானது என்று சொல்லி அவர் கடைசியாகக் கொடுத்தது, தேருனே நே: எனக்கு விளங்கவில்லை. “வெக்கப்படாமல் இதைச் சொல்லு தங்கச்சி. சொன்னால் அவை நிண்டு சொல்லித் தருவினம்” என்றார்.

அடுத்த மாலை தொலைபேசி வந்தபோது அவள் அவசரமாக இருந்தாள். குருநாகலையிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி இவளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறாளாம். பதிலுக்குத் தமிழ் கேட்கிறாளாம். சாப்பிட்டீர்களா என்றும் கேட்காமலே வைத்துவிட்டாள். அதையும் குறையாகச் சொன்னவர் எமது துணைவியார்தான்.

மாத்தளைக்குத் திரும்பி, எஞ்சிய நாளை அலுவிகாரையிலும் நண்பரோடு பழங்கதை பேசுவதிலும் கழித்தோம். 24 ஆம் நாட் காலை முகாமில் நிறைவுப் போட்டி. இரண்டு மீற்றர் அறுபது சதமமீற்றரைத் தாண்டினாள். எழுபதில் மூன்று முறையும் குறுக்குக் கம்பு வீழ்ந்தது. ஊரில் அவள் எழுபதைத் தாண்டியவள். ஒன்பது நாள், இவ்வளவு செலவு, முடிவிற் பத்துச் சதமமீற்றர் குறைவா என்று எமக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதை ஒளிக்க விரும்பவில்லை. கோலைப் பிடிக்கும் முறையையும் கடைசிக் காலடியையும் மாற்றியிருக்கிறார்கள். புதிய பழக்கம் படியச் சில மாதம் செல்லும், அதன் பின்னர்தான் உயரம் கூடும் என்று பயிற்றுநர் விளக்கினார். அதனை எமக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவள் எமது மகள். இடையில் ஒருமுறை “தேருனே நே” என்றாள்; அவர் நின்று இன்னொரு முறை சொன்னார்.

திரும்பும் வழியை வேண்டுமென்றே கிழக்கு முகமாக வகுத்திருந்தோம். மேற்கிலும் மலையிலும் மழை பெய்யும் ஆகஸ்டில், கீழ்க்கரைக் கடல் அமைதியாயிருக்கும். மின்னேரியாக் குளத்தின் நீர் வற்றி அடியிற் புல் முளைக்கும் காலமும் அதுவே. அயற்காடுகளிலிருந்து யானைகள் கூட்டங் கூட்டமாக அங்கே வந்து சேரும். அன்று மாலை ஜீப் வண்டியில் நின்றபடி மகன் நூற்றிருபது வரை எண்ணினான். பின் ஒரு குட்டி தாயின் கால்களுக்கிடையே புகுந்து விளையாடியதைக் கண்டு எண்ணுவதை விட்டுவிட்டான். இரவு எட்டரைக்குத் திருகோணமலை.

காலையில் மாமியாரின் நேர்த்தி நிறைவேறியது. சுவாமி மலையின் விளிம்பிலே நின்று குடாவைப் பார்த்தோம். 2001 இலே தரைவழி இல்லாதிருந்தபோது, காங்கேசன்துறையிற் கப்பலேறி இத்துறையில் இறங்கித்தான் நாம் பேராதனைக்குப் படிக்கச் சென்றோம். கப்பலில் இரவு முழுவதும் வாந்தி. இறங்கிய பின் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கச் சிங்களம் தெரியாமல் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். அடுத்த ஆண்டு ஏ-9 வீதி திறந்தது; 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது; 2009 இல் போர் முடிந்த பிறகே மக்கள் தடையின்றிச் செல்லும் வழியாயிற்று. இதை நாம் சொல்லிக்கொண்டிருக்க, மகள் இம்முறை விழித்திருந்து கேட்டாள். “ஒரு மணித்தியாலமோ? ஆரிட்டையும் கேக்கேல்லையோ அப்பா?” என்றாள். நாவற்குழியைப் பற்றியும் அப்போதுதான் அவளுக்குச் சொன்னோம்.

ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா வந்து, மாலை மயங்கும் வேளையில் வீடு சேர்ந்தோம். தெருவிலே நல்லூருக்குச் செல்வோர் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. துணைவியார் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு முழுகப் போனார்.

திங்கட்கிழமை கோலைப் பாடசாலையில் ஒப்படைத்தோம். பொறுப்பாசிரியை துணியை அவிழ்த்து முழுநீளமும் தடவிப் பார்த்தார். பிடிக்கும் பக்கத்தில் நாடா சுற்றிய இடத்திற்றான் சற்றே தேய்ந்திருந்தது, உடலிற் பழுதில்லை. கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். நாம் படிவத்தை நிரப்பிக்கொண்டு நிற்கையில், மகள் கோலை எடுத்துக்கொண்டு மணற்குழியடிக்குப் போய்விட்டாள். எட்டாம் வகுப்புப் பிள்ளையொன்று ஆறு காலடி ஓடி, கோலை ஊன்றி, பயத்திலே பாதியில் நின்றுவிட்டது.

“ஹெமின், ஹெமின்” என்றாள் எமது மகள். பிள்ளை விழித்தது. இவள் சிரித்துக்கொண்டு அதன் இடக்காலைக் குனிந்து பிடித்து வைத்தாள். பின் எட்டி நின்று கைதட்டினாள்.

“ஆயெத்!”